தீப்பொறிக்கு முகூர்த்தம்

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது நம் குடியானவர்கள் வாக்கு. விதை நல்லதாயிருக்கலாம், நிலம் வளமுள்ளதாயிருக்கலாம், ஏரில் பூட்டிய மாடுகளும் திடமானவையாயிருக்கலாம். பட்டம் தவறினால் அவ்வளவும் வீண். மோட்டார் வண்டியின் யந்திரத்துக்கும் இந்த விதி பொருந்தும் என்று சொன்னால் நேயர்கள் வியப்படையக்கூடும். பெட்ரோல் நல்லது, காற்று தாராளம், பிளக் புதிது, எனினும் தீப்பொறி பிறக்கும் வேளை தவறினால் வண்டி மேட்டில் மூச்சு வாங்கும், தண்ணீர் கொதிக்கும், பெட்ரோல் கரையும். இந்த வேளையைத்தான் பட்டறைக்காரர்கள் 'டைமிங்' என்று சொல்லுகிறார்கள்.

இந்த விஷயத்தைப் பற்றி நாம் எழுதத் துணிவது இதில் நிபுணர் என்பதனால் அன்று. இதில் ஒருமுறை தவறிவிட்டோம் என்பதனால்தான். பள்ளியில் பௌதிகம் கற்பிக்கும் நாம், ஒரு பழைய அம்பாஸடர் வண்டியின் நோயைத் தவறாக நிதானித்துச் சொன்னோம். அதன் பயனாக ஒரு டிரைவர் பதினெட்டு நாள் வேலையின்றி இருக்க நேர்ந்தது. அந்தக் கதையைச் சொன்னால் விஷயமும் விளங்கும். நம் மனப்பாரமும் சற்றுக் குறையும்.

சேலத்தில் நமக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவரிடம் 1972-ஆம் வருஷத்து அம்பாஸடர் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் மூன்றாவது வரிசையைத் தழுவி, வங்காளத்தில் உத்தரபாராவில் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரையில் செய்யப்பட்டு வந்த அந்த வண்டியைப் பற்றி நம் நேயர்களுக்கு அதிகம் சொல்லவேண்டியதில்லை. கலியாணத்துக்கும், ஆஸ்பத்திரிக்கும், மந்திரி பவனிக்கும் ஒரே முகத்தோடு போய்வந்த வண்டி அது. நம் ஆசிரியருடைய வண்டியில் இருப்பது நான்கு ஸிலிண்டர், 1,489 கன ஸென்டிமீட்டர் பெட்ரோல் யந்திரம். கண்பார்வை மங்கியபின் அவர் தாமே ஓட்டுவதில்லை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு டிரைவர், ஒன்பது வருஷமாக அவரிடம் இருந்துவந்தார்.

மாதம் ஒருமுறை ஆசிரியரும் அவர் மனைவியாரும் ஏற்காட்டில் இருக்கும் தம் மகள் வீட்டுக்குப் போவார்கள். சேர்வராயன் மலைப்பாதையில் இருபது கொண்டையூசி வளைவுகள் இருக்கின்றன. முன்னெல்லாம் நிற்காமல் ஏறிய வண்டி, போன வருஷத்தில் பத்தாவது வளைவைத் தாண்டும் முன்பே சோர்ந்தது. பெட்ரோலும் அதிகமாகச் செலவாயிற்று. ஒரு பட்டறையில் பிளக்கும் காயிலும் மாற்றினார்கள். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். பலனில்லை. பிறகு ஒருவர், "ஸ்பார்க்கைக் கொஞ்சம் முன்னே தள்ளிவைக்கிறேன்" என்று சொல்லி, காதால் கேட்டே டைமிங்கைத் திருப்பிவைத்தார். சமபூமியில் வேகம் வந்தது. ஆனால் வளைவில் வேகம் குறைந்து மறுபடி ஏறும்போது, தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கியது போன்ற சத்தம் கேட்கலாயிற்று. காலையில் ஸ்டார்ட்டரை அழுத்தினால் யந்திரம் எதிர்த்து உதைத்தது. "யந்திரத்தையே பிரித்து, போர் அடித்து, புது பிஸ்டன் போடவேண்டும்" என்று கடைசியில் சொல்லிவிட்டார்கள். ஆசிரியரின் ஓய்வூதியத்துக்கு அது மிஞ்சிய செலவு. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்தபோதுதான் அவர் நமக்குச் சொல்லியனுப்பினார்.

* * *

நம் தவற்றைச் சொல்லும் முன் யந்திரத்தின் உள்ளே நடப்பதைச் சற்றுப் பார்ப்போம்.

ஸிலிண்டருக்குள் பிஸ்டன் மேலேறி, பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையை அமுக்குகிறது. அப்போது பிளக்கில் பொறி பிறக்கிறது. கலவை வெடிமருந்தைப் போல் ஒரே கணத்தில் வெடித்துவிடுவதில்லை. பொறி பிறந்த இடத்திலிருந்து சுவாலை பரவுகிறது. வைக்கோற்போரின் ஒரு மூலையில் பற்றிய நெருப்பு மறு மூலைக்குப் போக நேரம் எடுத்துக்கொள்வதைப் போன்றதே இது. அந்த நேரம் ஏறத்தாழ ஒரு வினாடியில் ஐந்நூற்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். கலவை எரிந்து, அழுத்தம் உச்சத்தை அடையும்போது பிஸ்டன் உச்சியைத் தாண்டிச் சற்றே கீழிறங்கத் தொடங்கியிருக்கவேண்டும். அப்பொழுதுதான் அந்த அழுத்தம் முழுதும் வேலையாக மாறும். ஆகவே பிஸ்டன் உச்சியை அடைவதற்கு முன்பே பொறி பிறந்தாகவேண்டும்.

எவ்வளவு முன்பாக? இங்கேதான் சிக்கல். யந்திரம் நிமிஷத்துக்கு 750 சுற்று வீதம் மெதுவாக ஓடும்போது, நாம் சொன்ன சிறு நேரத்துக்குள் அதன் கிராங்க் தண்டு 9 டிகிரிதான் திரும்பும். 3,000 சுற்று வீதம் ஓடும்போதோ அதே நேரத்துக்குள் 36 டிகிரி திரும்பிவிடும். வேகம் கூடும்போது கலவை கலங்கிச் சுழல்வதால் சுவாலையும் சிறிது விரைவாகப் பரவும் என்பது உண்மைதான். ஆனால் அது ஈடுகட்டப் போதாது. ஆதலால் யந்திரத்தின் வேகம் ஏற ஏறப் பொறியின் வேளையும் முன்னே நகர்ந்துகொண்டே போகவேண்டும். டைமிங் என்பது ஒரே இடத்தில் நிலைநிறுத்தும் கம்பம் அல்ல. வேகத்தோடு ஏறி இறங்கும் ஏற்றமரம்.

ஆதிகாலத்து வண்டிகளில் இந்த ஏற்றமரத்தை ஓட்டுகிறவரே கையால் இயக்கவேண்டியிருந்தது. 1908 முதல் 1927 வரை வெளிவந்த போர்டு 'மாடல் டி' வண்டியில் ஸ்டியரிங் சக்கரத்தின் கீழே இரண்டு சிறு கம்பிகள் இருந்தன. வலக்கைக் கம்பி பெட்ரோலுக்கு. இடக்கைக் கம்பி பொறிக்கு. கைப்பிடி போட்டு வண்டியைக் கிளப்பும் முன் பொறிக் கம்பியைப் பின்னே தள்ளிவைக்க மறந்தவருக்கு மணிக்கட்டு முறிந்தாலும் முறியும். பிஸ்டன் மேலேறும்போதே கலவை எரிந்து அதைக் கீழே தள்ள, கைப்பிடி எதிர்த்திசையில் அடித்துவிடும்.

1912-ஆம் வருஷத்துக் காடிலாக் வண்டியில் மின்சார ஸ்டார்ட்டர் வந்து அந்த அபாயத்தைத் தீர்த்தது. அதைச் செய்தவர் அமெரிக்காவில் டேடன் நகரத்துச் சார்ல்ஸ் கெட்டரிங். பாட்டரி, காயில், திறந்து மூடும் பாயிண்ட் ஆகிய மூன்றையும் கொண்டு பொறி உண்டாக்கும் முறையைச் செம்மைப்படுத்தியவரும் அவரே. அவர் 1909-இல் தொடங்கிய கம்பெனியின் சுருக்கப் பெயர் டெல்கோ. நம் நாட்டுப் பட்டறைகள் பலவற்றில் டிஸ்ட்ரிப்யூட்டரை 'டெல்கோ' என்று அழைக்கிறார்களே, அந்தப் பெயர் வந்த வழி இதுதான்.

டிஸ்ட்ரிப்யூட்டர், கிராங்க் தண்டு இருமுறை சுற்றினால் தான் ஒருமுறை சுற்றும். அதன் நடுவே நான்கு முனையுள்ள ஓர் உருளை இருக்கிறது. ஒவ்வொரு முனையும் பாயிண்டைத் தள்ளித் திறக்கும் அந்தக் கணத்திலேயே பொறி பிறக்கிறது. வேகத்துக்கு ஏற்ப வேளையை முன்னே தள்ளுவதற்கு, அந்த உருளைக்கு அடியில் இரண்டு சிறு எடைகளும் இரண்டு மெல்லிய ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. சுழற்சி கூடும்போது எடைகள் வெளியே விரிந்து உருளையைச் சற்று முன்னே திருப்பும். சுழற்சி குறைந்தால் ஸ்பிரிங்குகள் பழையபடி இழுத்துக்கொள்ளும். இதைத் தவிரப் பக்கத்தில் ஒரு தகரக் கிண்ணம். அதற்குள் ஒரு சவ்வு. வண்டி சமபூமியில் நிதானமாக ஓடும்போது யந்திரம் காற்றை உறிஞ்சும் விசையால் அந்தச் சவ்வு இழுபட்டு, வேளையை இன்னும் சிறிது முன்னே தள்ளும். மேட்டில் பெடலை முழுதும் அழுத்தினால் அந்த உறிஞ்சல் குன்றிவிடும். சவ்வினால் உதவி இராது. இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

* * *

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் ஆசிரியர் வீட்டுக்குப் போனோம். வண்டியின் கைப்புத்தகத்தையும் கூடவே எடுத்துப் போனோம்.

முதலில் பாயிண்டின் இடைவெளியைப் பார்த்தோம். இந்த வரிசை வேறுபடக்கூடாது. பாயிண்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி குறுகும், இடைவெளி குறுகினால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், பொறியும் தாமதமாகும். டைமிங்கை வைத்துவிட்டுப் பிறகு இடைவெளியைத் திருத்தினால் டைமிங் மறுபடி நகர்ந்துவிடும். ஆகவே இடைவெளி முதலில், டைமிங் பிறகு. இந்த வகை டிஸ்ட்ரிப்யூட்டருக்கு உரிய இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 14 முதல் 16 பங்கு, அதாவது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். அளவுத் தகட்டை நுழைத்து அதைச் சரிசெய்தோம்.

அடுத்ததாகச் சிறு பல்பு ஒன்றின் ஒரு கம்பியை டிஸ்ட்ரிப்யூட்டரின் மின்முனையிலும், மற்றதை யந்திரத்தின் இரும்பிலும் சேர்த்தோம். சாவியைத் திருப்பி வைத்து, யந்திரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால், பாயிண்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். கிராங்க் புல்லியின் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கிறது. அதன் அருகே நிலையாகச் சில முனைகள். நீண்டது பிஸ்டனின் உச்சநிலையைக் காட்டும். மற்றவை அதற்கு முந்திய 5, 10 டிகிரிகளைக் காட்டும். பல்பு எரியும்போது வெட்டு எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தால் பொறியின் வேளை தெரிந்துவிடும். பார்த்தோம். வெட்டு முனைகளையெல்லாம் கடந்து வெகு முன்னே நின்றது. காதால் வைத்தவரின் கைவேலை அது.

டிஸ்ட்ரிப்யூட்டரின் பிடியைத் தளர்த்தி, கைப்புத்தகம் சொன்ன டிகிரிக்குத் திருப்பி வைத்தோம். ஸ்டார்ட்டர் உதைப்பது நின்றது. கூழாங்கல் சத்தமும் நின்றது. நமக்கு வந்த பெருமிதத்தை எழுத வெட்கமாயிருக்கிறது.

டிரைவர் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவந்தார். இறங்கி, தலையைச் சொறிந்துகொண்டு, "சத்தம் போயிடுச்சுங்க ஐயா. ஆனா வேகம் எடுக்க எடுக்க மூச்சு அடைக்குதுங்க. ஸ்பார்க் ஏறமாட்டேங்குது" என்றார்.

"புத்தகத்தில் உள்ளபடி வைத்திருக்கிறது" என்றோம்.

"புத்தகத்துக்குச் சரியா இருக்கலாமுங்க, மேட்டுக்குச் சரியா இல்லீங்க" என்றார் அவர்.

அந்த வாரமே ஏற்காட்டுப் பாதையில் வண்டி முன்னைக்காட்டிலும் மோசமாகக் கொதித்து, ஒன்பதாவது வளைவில் நின்றது. ஆசிரியர் மனைவியார் வெயிலில் ஒரு மணிநேரம் பாறைமேல் உட்கார்ந்திருக்கவேண்டியதாயிற்று. ஆசிரியர் நம்மை அழைத்து, "தம்பி, டைமிங் சரிதானா? நிச்சயமாகச் சொல்" என்று கேட்டார்.

"சரிதான், ஸார். நாமே வைத்தோம். டிரைவர் கியரைச் சரியாக மாற்றாமல் இழுக்கிறார் போலிருக்கிறது" என்று சொன்னோம்.

இந்த இரண்டாம் வாக்கியத்துக்கு நம்மிடம் யாதொரு ஆதாரமும் இல்லை. ஆசிரியர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் டிரைவருக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்.

* * *

பதினைந்து நாள் கழித்து, கோயமுத்தூரிலிருந்து வந்த ஆசிரியரின் மூத்த மகனே வண்டியை ஓட்டிக்கொண்டு மலையேறினார். அவர் கைதேர்ந்தவர், கியர் மாற்றுவதில் குறை சொல்ல முடியாது. அதே ஒன்பதாவது வளைவில் தண்ணீர் கொதித்தது.

செய்தி கேட்ட இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. டிரைவர் சொன்ன சொல் அப்போதுதான் காதில் உறைத்தது. "வேகம் எடுக்க எடுக்க" என்றாரே. "ஸ்பார்க் ஏறமாட்டேங்குது" என்றாரே! அதை நாம் பட்டறைப் பேச்சு என்று தள்ளிவிட்டோம். அவர் சொன்னது அட்சரத்துக்கு அட்சரம் உண்மையாக இருந்தால்? நாம் பார்த்தது நின்றுகொண்டிருந்த யந்திரத்தை. ஓடும்போது பொறி முன்னே ஏறுகிறதா என்று நாம் பார்க்கவேயில்லை. ஏற்றமரம் அடியில் எங்கே நிற்கிறது என்று அளந்துவிட்டு, அது ஏறி இறங்குகிறது என்று நாமே வைத்துக்கொண்டோம்.

மறுநாள், தொழிற்பயிற்சி நிலையத்தில் போதகராயிருக்கும் நண்பர் ஒருவரிடம் 'டைமிங் லைட்' இரவல் வாங்கிக்கொண்டு போனோம். இந்த விளக்கின் கவ்வியை முதல் ஸிலிண்டரின் பிளக் கம்பியில் மாட்டிவிட்டால், அதில் பொறி பிறக்கும் ஒவ்வொரு தடவையும் விளக்கு மின்னும். அந்த மின்னலில் புல்லியைப் பார்த்தால், சுழலும் புல்லி ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். வெட்டில் சுண்ணாம்பு தடவி, சவ்வுக் கிண்ணத்தின் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிட்டு யந்திரத்தைக் கிளப்பினோம். மெதுவான ஓட்டத்தில் வெட்டு கைப்புத்தகம் சொன்ன இடத்திலேயே நின்றது. வேகத்தை உயர்த்தச் சொன்னோம். யந்திரம் இரைந்தது. வெட்டு, முனைகளைத் தாண்டி இருபது டிகிரிக்கு மேல் முன்னே போயிருக்கவேண்டும். இம்மியும் நகரவில்லை!

யந்திரத்தை நிறுத்தி, டிஸ்ட்ரிப்யூட்டரின் மூடியைக் கழற்றி, ரோட்டாரை அது சுழலும் திசையில் விரலால் திருகினோம். நல்ல நிலையில் இருந்தால் அது சிறிது தூரம் இளகித் திரும்பி, விட்டவுடன் ஸ்பிரிங்கினால் பழைய இடத்துக்குத் துள்ளி வரவேண்டும். இது கல்லில் அடித்த ஆணியாக இருந்தது. ரோட்டாரை எடுத்துப் பார்த்தால், உருளையின் நடுவே உள்ள திருகின் மேல் சிவப்புத் துரு. அந்த இடத்தில் அவ்வப்போது இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் விடவேண்டும் என்று கைப்புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. பல வருஷமாக யாரும் விடவில்லை. உருளை தன் தண்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. எடைகள் விரிய முயன்றாலும் உருளை அசையவில்லை.

நோயின் முரண்பாடெல்லாம் அக்கணமே விளங்கிவிட்டது. வேகத்தில் பொறி தாமதம். ஆகவே வலிமைக் குறைவு, பெட்ரோல் நஷ்டம், வேலையாக மாறாத உஷ்ணத்தினால் தண்ணீர் கொதிப்பு. அதை ஈடுகட்டப் பட்டறைக்காரர் அடிப்படையையே முன்னே தள்ளியபோது, வேகத்தில் சற்றுத் தேறிற்று. ஆனால் மெதுவான ஓட்டத்தில் பொறி மிகவும் முந்திவிட்டது. ஆகவே கூழாங்கல் சத்தம், ஸ்டார்ட்டர் உதை. நாம் அடிப்படையைச் சரியாக வைத்தபோது உதை தீர்ந்து, மேட்டின் துன்பம் முழுதாகத் திரும்பிவந்தது. சவ்வு நன்றாயிருந்தும் மலைமேல் உதவவில்லை. பெடல் முழுதும் அழுத்திய நிலையில் அதற்கு வேலையில்லை.

மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மெல்ல அசைத்து உருளையை விடுவித்தோம். துருவைத் துடைத்து, ஸ்பிரிங்குகளைச் சோதித்து, எண்ணெய் விட்டு மறுபடி பூட்டினோம். விளக்கைப் பிடித்தால், வேகம் ஏற ஏற வெட்டு அழகாக முன்னே நகர்ந்து, முனைகளையெல்லாம் தாண்டிச் சென்றது. வேகம் தணிந்ததும் இறங்கி வந்தது. செலவு, மூன்று சொட்டு எண்ணெய்.

ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டார். "அந்த மனுஷனை நான் அனுப்பியது உன் வார்த்தையை நம்பித்தானே, தம்பி?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் நமக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

* * *

பழைய வண்டி வைத்திருக்கும் நேயர்களுக்கு நாம் கற்றதை வரிசையாகச் சொல்லுகிறோம்.

பொறி தாமதமானால் வண்டி மந்தமாயிருக்கும், சூடேறும், புகைக்குழாயில் சில சமயம் வெடி கேட்கும், பெட்ரோல் அதிகம் பிடிக்கும். பொறி முந்திவிட்டால் மேட்டிலும் இழுவையிலும் கூழாங்கல் சத்தம் கேட்கும். சூடாயிருக்கும்போது கிளப்புவது கஷ்டம். யந்திரம் எதிர்த்து உதைக்கும். அந்தச் சத்தத்தோடு நெடுநாள் ஓட்டினால் பிஸ்டனே துளைபட்டுப் போகலாம். இரண்டு வகைக் குறிகளும் ஒரே யந்திரத்தில் மாறி மாறித் தோன்றினால், ஏறி இறங்கும் அமைப்பின்மேல் சந்தேகம் கொள்ளவேண்டும்.

ஆனால் குறியைக் கண்டவுடனே டிஸ்ட்ரிப்யூட்டரைத் திருப்பக்கூடாது. கொதிப்பு, ரேடியேட்டர் அடைப்பினாலும் விசிறி பெல்ட் தளர்வினாலும் வரலாம். கூழாங்கல் சத்தம், ஸிலிண்டருக்குள் படிந்த கரியினாலும், பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவையினாலும், வண்டிக்குப் பொருந்தாத பிளக்கினாலும் வரலாம். அவற்றை முதலில் விலக்கிவிட வேண்டும்.

பிறகு பாயிண்ட் இடைவெளி. அதன்பின் பல்பு வைத்து நிலையான டைமிங். அதன்பின் ரோட்டாரைத் திருகிப் பார்ப்பது. இந்தக் கடைசிச் சோதனைக்கு ஒரு நிமிஷம் போதும். கருவி ஒன்றும் வேண்டாம். சவ்வைச் சோதிக்க, அதன் குழாயை வாயால் உறிஞ்சி நாவினால் அடைத்துக்கொள்ளலாம். உள்ளே பாயிண்ட் தட்டு அசைந்து, உறிஞ்சிய நிலையிலேயே நின்றால் சவ்வு நல்லது. உடனே இளகிவிட்டால் கிழிந்தது.

டைமிங் லைட் கிடைத்தால் ஓடும் யந்திரத்தையும் பாருங்கள். வெட்டு ஒரே இடத்தில் நில்லாமல் முன்னும் பின்னும் நடுங்கினால், டிஸ்ட்ரிப்யூட்டர் தண்டின் புஷ் தேய்ந்திருக்கக்கூடும். யந்திரத்தை நிறுத்திவிட்டுக் கிராங்க் தண்டை முன்னும் பின்னும் சிறிது அசைத்து, ரோட்டார் எப்போது அசையத் தொடங்குகிறது என்று கவனித்தால் டைமிங் செயினின் தொய்வு தெரியும். புல்லியின் குறியே பொய் சொல்லுமோ என்று சந்தேகம் இருந்தால் பிளக் துவாரத்தின் வழியே பிஸ்டனைத் தடுக்கும் மழுங்கிய தடுப்பு ஒன்றைப் பொருத்தி, யந்திரத்தைக் கையால் மட்டும் இரு திசையிலும் மெல்லத் திருப்பி, அது நிற்கும் இரண்டு இடங்களையும் குறித்துக்கொள்ளவேண்டும். அவற்றின் நடுவே இருப்பதுதான் உண்மையான உச்சம்.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். மாற்றியதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கவேண்டும். காயில், பிளக், கார்புரேட்டர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றியவருக்கு, குணம் கண்டாலும் எதனால் என்று தெரியாது.

எச்சரிக்கையாக ஒரு வார்த்தை. டைமிங் லைட்டின் ஒளியில் நிற்பதுபோல் தோன்றும் புல்லி உண்மையில் பெருவேகத்தோடு சுழன்றுகொண்டிருக்கிறது. விசிறியின் அருகே அங்கவஸ்திரமும் முந்தானையும் ஆகாது. மூடிய கொட்டகைக்குள் யந்திரத்தை ஓடவிடுவதும் கூடாது. அதன் புகை உயிரைக் குடிக்கும்.

* * *

டிரைவரைத் தேடிப் போனோம். ஒரு மண்டியில் மூட்டைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, "தவறு நம்முடையது" என்றோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பெரியம்மா அன்னைக்கு வெயில்ல உட்கார்ந்திருந்தாங்களே, உடம்பு நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை அவர் வந்தார். வண்டியில் ஏறுவதற்கு முன் பானெட்டைத் திறந்து மூடியைக் கழற்றி ரோட்டாரைத் திருகிவிட்டார். 'டக்' என்று அது திரும்பி வந்தது. இரண்டாம் முறையும் திருகிப் பார்த்தார். பிறகு ஆசிரியரையும் அவர் மனைவியாரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். நாமும் பின்னால் உட்கார்ந்து போனோம். ஒன்பதாவது வளைவு வந்தபோது வண்டிக்குள் ஒருவரும் பேசவில்லை. உஷ்ணமானியின் முள் நடுவிலேயே இருந்தது. இருபதாவது வளைவையும் தாண்டி, சில்லென்ற காற்று முகத்தில் பட்ட பிறகுதான் ஆசிரியர், "கியர் நன்றாகத்தான் மாற்றுகிறார்" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இக்காலத்து வண்டிகளில் இந்த வேலையையெல்லாம் ஒரு சிறு கணிப்பொறி பார்த்துக்கொள்கிறது. கூழாங்கல் சத்தத்தைத் தானே கேட்டு, பொறியின் வேளையைத் தானே நகர்த்திக்கொள்ளும் சாதனங்கள் வந்துவிட்டன. ஆனால் பழைய வண்டிக்கு அந்தக் காது இல்லை. ஓட்டுகிறவரின் காதுதான் அதற்குக் காது. வண்டி எப்போது, எந்த வேகத்தில், எந்த மேட்டில் சுணங்குகிறது என்று அவர் சொல்வதை முதலில் முழுதும் கேட்டுக்கொள்ளுங்கள். கைப்புத்தகத்தைப் பிறகு பிரிக்கலாம். மாதத்துக்கு ஒருமுறை ரோட்டாரைத் திருகிப் பார்க்க மட்டும் மறவாதீர்கள்.